இடது காலின் பங்களிப்பு

அம்பூரிக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டத்தின் நடுவே, கிளைமூலக்கூறு உயராய்வு மையம் இருக்கிறது. பதினோரு வருடமாக இருக்கிறது. அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் சிலர் "மருந்தாக்கும்" என்பார்கள். சிலர் "உரமாக்கும்" என்பார்கள். டீக்கடைக்காரர் மட்டும் "மீட்டிங்காக்கும்" என்பார். அவர்தான் தினமும் மையத்துக்குள் போய்வருகிறவர்.

அவர்கள் செய்தது ஒரு மூலக்கூறு. நடுவில் ஒரு கரு, கருவுக்கு நான்கு கை. ஒவ்வொரு கையும் இரண்டாகக் கிளைக்கும், அவை ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகும். ஒரு சுற்று கிளைத்து முடிந்தால் அதற்கு ஒரு தலைமுறை என்று பெயர். ஐந்தாம் தலைமுறையில் நூற்றிருபத்தெட்டு முனை, ஆறாவதில் இருநூற்றைம்பத்தாறு. கிளைகளுக்கு நடுவே பொந்து பொந்தாக இடம் இருக்கும். அந்தப் பொந்தில் மருந்தை வைத்தால், நோயுள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். மற்ற ஊர்களில் இதை வைத்து உண்மையாகவே நல்ல காரியங்கள் நடந்தன. அதற்கு மையம் பொறுப்பல்ல.

இயக்குநர் டாக்டர் பரமசிவன் கொள்கைப் பிடிப்புள்ளவர். செய்யும் பொருளைப் போலவே செய்யும் இடமும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே நடுவில் அவர். அவருக்குக் கீழே நான்கு துணை இயக்குநர்கள். ஒவ்வொரு துணைக்கும் இரண்டு இணைத் துணை, ஒவ்வொரு இணைத் துணைக்கும் இரண்டு உதவி இணைத் துணை. ஆக இருபத்தெட்டுப் பேர். எந்தத் தாளும் இருபத்தெட்டுக் கையெழுத்து வாங்கித்தான் நடுவுக்குப் போகும். தன்யா என்ற இளம் விஞ்ஞானி மட்டும் எந்தக் கிளையிலும் சேராமல் தரைத்தளத்தில் இருந்தாள். மூலக்கூறு செய்வது அவள் வேலை.

தோட்டத்தை வாங்கியபோது மரங்களோடும் பழைய குடியிருப்புகளோடும் சேர்த்து பால்வெட்டுக்காரர் பொன்னையனும் மையத்துக்கு வந்துசேர்ந்தார். முப்பத்தாறு வருடமாக அதே சரிவில் ரப்பர் வெட்டுகிறவர். வெட்டுவது என்றால் சாய்ப்பதல்ல. பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிப் பால் எடுப்பது. கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே தடியைத் தொட்டுவிட்டால், அந்த இடம் முண்டு முண்டாக வீங்கி மரம் கெட்டுப்போகும். பொன்னையன் வெட்டிய மரத்தில் ஒரு முண்டு கிடையாது. இதில் அவருக்கு இருந்த கர்வத்துக்கு அளவில்லை. அவர் மனைவி ஓமனா சபைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாவத்துக்கும் சேர்த்தே ஜெபித்துவிட்டு வருவாள்.

ஒருநாள் இயக்குநர், மக்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்லும் வாரம் என்பதால், பொன்னையனை நிறுத்தி மூலக்கூறின் படத்தைக் காட்டினார்.

"பார்த்தாயா பொன்னையா? இதுவும் மரம்தான். கிளைமேல் கிளை."

"பால் உண்டா சாறே?"

"இல்லை."

"பின்ன எதுக்கு சாறே மரம்?"

இயக்குநர் பெருந்தன்மையாகச் சிரித்தார். அடுத்த மாதம் டெல்லியிலிருந்து வந்த மதிப்பீட்டுக் குழுவும் ஏறக்குறைய இதையேதான் கேட்டது. அப்போது அவருக்கு வியர்த்தது. மார்ச்சுக்குள் ஒரு பயன்பாடாவது காட்டவில்லையென்றால் மையத்தை இழுத்து மூடலாம் என்று குழு எழுதிவிட்டுப் போனது.

அதிலிருந்து பயன்பாட்டைத் தேடி இருபத்தெட்டுப் பேரும் ஊர் ஊராக அலைந்தார்கள். செங்கல் என்ற ஊரில் ஒரு வாழைத் தோட்டத்தில் மூலக்கூறைத் தெளித்தார்கள். வாழை அதைக் கண்டுகொள்ளவில்லை. காரோடு கிராமத்தில் ஒரு மீன்வலைக்குப் பூசினார்கள். வலையில் பாசி ஒட்டவில்லை, உப்பு ஒட்டவில்லை, மீனும் வரவில்லை. 'ஒட்டாமை நூறு சதவீதம்' என்று அறிக்கை எழுதினார்கள். மூன்றாவதாக, கையருகே கிடந்த ரப்பர் மரத்துக்கு வந்தார்கள். வெட்டின இடத்தில் பால் உறைந்து அடைத்துக்கொள்வதால்தானே ஒழுக்கு நிற்கிறது? வெட்டில் மூலக்கூறைத் தடவினால் நிற்காமல் வரும் அல்லவா?

வந்தது. அன்று முழுக்க வந்தது, மறுநாள் விடிந்தும் வந்தது. சிரட்டை நிறைந்து, வழிந்து, சரிவெல்லாம் வெள்ளையாகப் பரவியது. ஆசிட் ஊற்றியும் அந்தப் பால் உறையவில்லை. ஒரு ரப்பர் ஷீட்கூடத் தேறவில்லை. விடிந்ததும் வெட்டக் கிளம்பிய பொன்னையன், முன்னூறு மரம் நிற்கும் மேல்சரிவில் வழுக்கி விழுந்தார். கையிலிருந்த வெட்டுக்கத்தி வலது பாதத்தின் ஓரத்தைச் சீவியது. அவருக்குச் சர்க்கரை வேறு உண்டு.

ஆசுபத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னாள்: "காலை ஊணப்பிடாது. தினசரி கெட்டு மாத்தணும். ஆறு வாரத்துல புண்ணு ஒணங்கிரும்."

பத்து நாளில் புண் பாதி சிறுத்திருந்தது. அப்போதுதான் விஷயம் இயக்குநர் காதுக்குப் போனது. அவருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு புண்ணை, அதுவும் மையத்தின் வளாகத்துக்குள்ளேயே, கடவுள் கொடுப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் பயனாளித் தொடர்பு அலுவலர் தாணு, முப்பத்திரண்டு பக்கச் சம்மதப் படிவத்தோடு பொன்னையனின் குடியிருப்புக்கு வந்தார்.

"அண்ணா, டைரக்டர் சாறு நேரிட்டுச் சொல்லி விட்டதாக்கும். இன்னையிலிருந்து நீங்க தொழிலாளி இல்ல, பயனாளி."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் உண்டு?" என்றாள் ஓமனா.

"தொழிலாளிக்கு லீவு உண்டு, ஓமனக்கா."

"ஆசுபத்திரி மருந்து போட்டு நல்லா வருதே. அது போராதா?"

தாணு பரிதாபமாக அவளைப் பார்த்தார். "அது சாதா மருந்து, அக்கா. போட்டா ஒணங்கிரும். அதுல கண்டுபிடிக்க என்ன உண்டு?"

ஓமனா படிவத்தைத் தள்ளிவைத்தாள். அப்போது தாணு, தயக்கத்தோடுதான், இரண்டு விஷயம் சொன்னார். குடியிருப்பு மையத்தோடு சம்பந்தமுள்ளவர்களுக்கு மட்டும். வெட்ட முடியாத வெட்டுக்காரனுக்கும் மையத்துக்கும் சம்பந்தமில்லை. பயனாளிக்கு உண்டு. கால் சரியானதும் மேல்சரிவு முன்னூறு மரமும் பொன்னையனுக்கே என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பொன்னையனுக்கு வேண்டியது அந்தச் சரிவுதான். மறுபடி ஏறி வெட்ட வேண்டும், தலைக்கு மேலே ஒரு கூரை இருக்க வேண்டும். முப்பத்திரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

சிகிச்சை திங்கட்கிழமைதோறும். பயன்பாட்டுப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் அடுத்த தலைமுறைக்காக வைக்கப்பட்டிருந்தது. பொன்னையன் படியேறிப் போவார். ஐந்தாம் தலைமுறைக் களிம்பைத் தடவுவார்கள். பிறகு அவரே தன் தாளை எடுத்துக்கொண்டு இருபத்தெட்டு அறைக்கும் நடந்து கையெழுத்து வாங்க வேண்டும். தாளின் முதல் கேள்வி: 'பயனாளி இந்த வாரம் காலை ஊன்றாமல் ஓய்வெடுத்தாரா?' 'ஆம்' என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

நான்காவது வாரம் புண் பழைய அளவுக்குத் திரும்பியது. ஓமனா தரைத்தளத்துக்குப் போய் தன்யாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மக்கா, உண்மையைச் சொல்லு. அந்தக் களிம்புக்கு உள்ள என்ன மருந்து உண்டு?"

தன்யா கீழே பார்த்தாள். "ஒண்ணும் இல்லக்கா. பொந்து காலியாக்கும். மருந்து வாங்குத பேப்பர் பதினாறாவது ஒப்புல நிக்குது."

ஓமனா நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் கோபப்படவில்லை. அறியாமையிடம் அவர் கோபப்படுவதில்லை.

"அம்மா, இது வண்டி. மருந்து என்பது பயணி. பயணி ஏறவில்லை என்பதற்காக வண்டியை ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? நாங்கள் இப்போது வண்டியைத்தான் சோதிக்கிறோம். உங்கள் கணவர் ரோடு."

களிம்பு வேலை செய்யாததால், விதிப்படி, அடுத்த தலைமுறைக்குப் போனார்கள். ஆறாம் தலைமுறை, அதன்பின் ஐந்நூற்றுப் பன்னிரண்டு முனையோடு ஏழாம் தலைமுறை. முனை கூடக்கூட இந்த வகை மூலக்கூறு உயிரணுவின் தோலைத் துளைத்துக் கொன்றுவிடும் என்று தன்யா கூட்டத்தில் சொல்லிப் பார்த்தாள்.

"துளைத்தால்தானே உள்ளே போக முடியும்?" என்றார் இயக்குநர். இருபத்தெட்டுப் பேரும் எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஓமனா யாருக்கும் தெரியாமல் ஆசுபத்திரி மருந்தை வலது காலில் தடவிவிட்டாள். புண் கொஞ்சம் சிறுத்தது. மையம் அதிர்ந்துபோனது. விசாரணை நடந்தது. இன்னொரு முறை அந்தப் புண் அனுமதியில்லாமல் ஆறினால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று ஓமனாவுக்கு எழுத்தில் கொடுத்தார்கள். அவள் அந்தத் தாளை வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு அழுதாள்.

ஜனவரியில் டெல்லிக் குழுத் தலைவர் வீடியோவில் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "களிம்பு தடவாத புண் ஒன்று இருக்க வேண்டுமே. இதை எதோடு ஒப்பிட்டீர்கள்?"

எதோடும் ஒப்பிடவில்லை. பதினோரு வருடத்தில் மையம் தன்னை எதோடும் ஒப்பிட்டதில்லை. அவசரக் கூட்டம் கூடியது. முடிவில் இயக்குநர் எழுந்து ஆற்றிய உரை மையத்தின் சுவரில் இப்போதும் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

"நண்பர்களே, பொன்னையனின் வலது கால் பல வாரங்களாக அறிவியலுக்கு உழைக்கிறது. இடது கால் என்ன செய்கிறது? கூட வருகிறது. அவ்வளவுதான். ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சர்க்கரை. இப்படிப்பட்ட ஒப்பீடு உலகத்தில் எந்த ஆய்வகத்துக்கும் வாய்க்காது. மனிதனுக்கு இயற்கை இரண்டு கால் கொடுத்ததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?"

"நடக்க..." என்றார் ஒரு உதவி இணைத் துணை இயக்குநர். அது நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

ஒரே சிக்கல், நெறிமுறைக் குழு. அது மிகக் கண்டிப்பானது. மைய ஊழியர் எவரும் பயனாளியின் உடம்பில் காயம் ஏற்படுத்தக் கூடாது என்று அது அடித்துச் சொல்லிவிட்டது. அரைநாள் எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாணுவுக்குத்தான் வழி தோன்றியது. பயனாளி ஊழியர் இல்லையே. தவிர, அந்த வேலையில் பொன்னையனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

பொன்னையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மேசையில் அவருடைய வெட்டுக்கத்தியையே வைத்தார்கள். விஷயத்தைச் சொன்னார்கள். அவருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் நம்பவில்லை.

"நல்லா இருக்கப்பட்ட காலையா சாறே?"

"நல்லா இருக்கதுனாலதான் அண்ணா அது ஒப்பிடதுக்குக் கொள்ளாம்" என்றார் தாணு. "முன்னூறு மரத்தை நினைச்சுக்கிடுங்க. ஆனா ஒண்ணு, வேற எவனாலயும் ஏலாது. தோலு மட்டும், அடியில தொடப்பிடாது. உங்களால முடியாதுன்னா சொல்லிருங்க, விட்டிருலாம்."

முடியாது என்ற சொல் பொன்னையனை எங்கேயோ குத்தியது. கத்தியை எடுத்து விரலால் கூர் பார்த்தார்.

"எவ்வளவு ஆழம் சாறே?"

ஆழம் சொன்னார்கள், நீளம் சொன்னார்கள். யாராவது காலைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள்.

"மரத்தை யாரும் பிடிச்சிட்டா வெட்டுதோம்?" என்றார்.

மேலிருந்து சரிவாக, ஒரே இழுப்பு. தோல் சுருண்டு வந்தது. ரத்தம் கோட்டோடு ஓடி முனையில் சொட்டியது. இருபத்தெட்டுப் பேரும் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தவர் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றார். அங்கே போன நாளிலிருந்து பொன்னையன் முதல்முறையாக மறுத்தார்.

"வெட்டின எடத்துல அன்னைக்கே ரெண்டாமத்த வெட்டு வெட்டப்பிடாது சாறே. மரம் தாங்காது."

இரண்டு காலிலும் கட்டோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து ஓமனா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க மனுசனா? சொந்தக் காலை எவனாவது சீவுவானா?"

"தடி தொடல்ல பிள்ளே" என்றார் பொன்னையன். "அவுத்துப் பாரு."

இடது காலுக்கு, ஆய்வு விதிப்படி, சாதாரண மருந்து. ஓமனா தினமும் ஆசுபத்திரி மருந்து போட்டுக் கட்டினாள். இருபத்திரண்டு நாளில் தழும்புகூடத் தெரியாமல் ஆறியது. வலது காலுக்கு ஏழாம் தலைமுறை தொடர்ந்தது. சுண்டுவிரல் கறுத்தது, பிறகு மற்ற விரல்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விசாரித்துவிட்டுப் போனார்கள்.

குழு வர இரண்டு வாரம் இருந்தது. எண்களைப் பார்த்த துணை இயக்குநர்கள் நால்வரும் இயக்குநரிடம் ஓடினார்கள். சாதாரண மருந்து ஜெயித்துவிட்டது.

இயக்குநர் பொன்னையனின் இரண்டு பாதங்களும் சேர்ந்த படத்தை வாங்கிப் பார்த்தார். "இதில் வலது எது?"

காட்டினார்கள்.

"அது பயனாளியின் பக்கத்திலிருந்து. குழு எதிரே அல்லவா உட்காரும்? எதிரே உட்காருகிறவருக்கு எது வலது?"

அறையில் பெருமூச்சு எழுந்தது. இப்படி ஒரு மேதைக்குக் கீழே வேலை செய்கிறோமே என்ற பெருமூச்சு அது. இனிமேல் வலது, இடது எல்லாம் பார்ப்பவரின் பக்கத்திலிருந்தே எழுதப்படும் என்று சுற்றறிக்கை போனது. தன்யா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவளைச் செங்கலுக்கு, வாழையைக் கவனிக்க மாற்றினார்கள்.

அந்த வாரமே பொன்னையனுக்குக் காய்ச்சல் கண்டு, ஓமனாவை யாரென்று கேட்டார். அவள் குடியிருப்பும் வேண்டாம், மரமும் வேண்டாம் என்று ஆட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பினார்கள். இத்தனை நாள் எங்கே கிடந்தீர் என்று டாக்டர் சத்தம் போட்டார்.

"பயனாளியாக்கும்" என்றார் பொன்னையன், காய்ச்சல் வேகத்தில்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மார்ச்சில் மையத்தின் ஆண்டு விழா. கக்கத்தில் கட்டையோடு பொன்னையனை மேடையில் ஏற்றி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் அவருடைய இடது பாதத்தைத் தானே கையில் ஏந்தி டெல்லிக் குழுவுக்குக் காட்டினார்.

"இது எங்கள் ஏழாம் தலைமுறை தொட்ட கால். தழும்பைத் தேடிப் பாருங்கள். மற்றது எங்கே என்று கேட்பீர்கள்." பாதத்தை மெல்லக் கீழே வைத்தார். "அதற்கு எங்கள் மூலக்கூறு கிடைக்கவில்லை. சாதாரண மருந்துதான் கிடைத்தது. மருந்து எட்டாத ஏழைக் காலுக்கு என்ன கதி என்பதற்கு, அங்கே இல்லாத அந்தக் கால்தான் சாட்சி."

குழு எழுந்து நின்று கைதட்டியது. மையத்துக்கு இன்னும் பத்து வருடம் கிடைத்தது. வாக்குக் கொடுத்தபடி மேல்சரிவு முன்னூறு மரத்துக்கான தாளும் அதே மேடையில் பொன்னையனுக்கு வழங்கப்பட்டது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கட்டையை ஊன்றி, மேடையின் நான்கு படிகளையும் எப்படி இறங்குவது என்று பார்த்தார்.

பத்து நாள் கழித்து, காலையில், தாணு மறுபடி குடியிருப்புக்கு வந்தார். அறுபத்துநான்கு பக்கப் படிவம்.

"எட்டாம் தலைமுறையாக்கும்" என்றார். "அண்ணனுக்க இடது கால் சரித்திரத்துல ஏறினது, மருந்துக்கு அதுதான் வேணும்னு சாறு பிடிவாதமா நிக்கிது. ஒப்பிடதுக்கு இன்னொண்ணு வேணும். அக்கா, இந்த வீட்டுல இப்ப மொத்தம் மூணு கால் உண்டு, இல்லியா?"

ஓமனா தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இல்லன்னா?"

"மாசக் கடைசிக்குள்ள வீட்டை ஒழியணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நான் என்ன செய்ய?"

அவள் புருசனைப் பார்த்தாள். ஒற்றைக் காலோடு இந்த ஆளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பேனாவை வாங்கி, ஒவ்வொரு பக்கமாக, அறுபத்துநான்கு கையெழுத்துப் போட்டாள்.

"மையத்துக்கு வந்தா போதும் அக்கா. வெட்டதுக்கு ஒரு ஆளு வெளியில இருந்து ஏற்பாடு பண்ணியிருக்கு" என்றார் தாணு.

"வேண்டாம்" என்றார் பொன்னையன். "கத்தியை எடுத்துட்டு வா பிள்ளே. அவனுக்குத் தடி தொடாம வெட்டத் தெரியாது."

கல்லில் தண்ணீர் விட்டு அவர் கத்தி தீட்டத் தொடங்கினார். ஓமனா கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு தாணு இரண்டுமுறை மணி பார்த்தார். பொன்னையன் தீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஓமனா அவருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் வலது காலை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் தோள் துவர்த்துத் துண்டால் அந்தப் பாதத்தைத் துடைத்தார். குதிகாலில் வெடிப்பு, விரலிடுக்கில் சேறு. கத்தியைச் சரித்து வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முப்பத்தாறு வருடம் ஆடாத கை ஆடியது. அந்தப் பாதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பொன்னையன் வாய்விட்டு அழுதார்.

தாணு படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பக்கவிளைவுகள் என்ற இடத்தில் எழுதினார்: 'கண்ணில் நீர். மூலக்கூறோடு தொடர்பில்லை.'